செல்லம்மா குக்கர் வைக்காத நாள்

என் வாய் சரியில்லை. என் மனைவி சாண்ட்ரா சொல்வாள், ராயபுரத்தில் எங்கள் தெருவே சொல்லும். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கை சுத்தமாக இருந்தால் போதும், வாய் எப்படி இருந்தால் யாருக்கு என்ன என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். கீபோர்டில் டீயைக் கொட்டிக்கொண்டு வருகிறவனைக் கடையில் நிற்கவைத்துத் திட்டுவேன். வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த தடவையும் என்னிடமே வருவான். அந்தத் திமிரெல்லாம் போன மாதம் நெட்டுக்குப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிட்டது.

சர்ச்சில் பூசை முடிந்து நேராக அங்கேதான் போனேன். திருமலை அண்ணன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். யாரோ பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்திருந்தார். அதில் ஏற்கெனவே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டாவதாக இன்னொன்றை மாட்ட வேண்டும். கால் மணி நேர வேலை. அந்த இரண்டாவது டிஸ்க் அவர் மகள் சினேகாவுடையது.

சினேகா பி.காம். முடித்துவிட்டுக் கால் சென்டர் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தவன் நான்தான். தினமும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசிப் பதிவு செய்வாள். அதைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வாள். பாதிப் பேச்சில் அடுப்படியிலிருந்து குக்கர் விசில் அடிக்கும். "யம்மா, குக்கர அணைம்மா, ரெக்கார்டு ஆவுது" என்று கத்துவாள். அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். ஒரு தடவை எனக்குப் போட்டுக் காட்டினாள். "பாருங்க அங்கிள், எங்க வூட்ல பருப்பு வெந்துட்ச்சின்னு ஃபாரின்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

போன வருடம் ஆகஸ்டில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி. அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்கூட்டியோடு போனும் நசுங்கிப் போனது. அவள் குரல் இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க்தான். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்ய மனசு வரவில்லை.

டிசம்பரில் புயல் வந்தது. முகத்துவாரத்து வெள்ளம் ஆலை எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. திருமலை அண்ணன் வலையை விட்டார், எஞ்சினை விட்டார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மாடி வீட்டுக்குப் போனார். வெள்ளம் வடிந்த பின் நான் போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே ஈரமே இல்லை. ஆனால் நாலு மாதம் ஓடாமல் கிடந்ததில் மதர்போர்டை உப்புக் காற்று தின்றிருந்தது. டிஸ்க்கை மட்டும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"பொண்ணு பேசினதெல்லாம் இதுல கீது அண்ணே. வேற கம்ப்யூட்டர் வாங்கினீன்னா ரெண்டாவதா மாட்டித் தர்றேன். உப்பு ஏறாம பத்திரமா வெச்சிக்கோ."

அன்றைக்கே கடைக்கு எடுத்துப்போய் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்திருக்கலாம். அன்று ஏதோ அவசரம். என்ன அவசரம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம்கூட வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அண்ணன் மனைவி செல்லம்மா அக்கா பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். தலை குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தார்.

"குக்கர்கூட வெக்கல தம்பி. அவ பேசுறது நல்லாக் கேக்கணும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனார். அதற்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் இருந்தது, ஒயரும் இருந்தது. திருமலை அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்து வந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள் வெள்ளை வேட்டித் துண்டு, அதற்குள் டிஸ்க். துணியைப் பிரித்ததும் டீசல் வாடை அடித்தது.

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீல் கிழிந்திருந்தது. ஸ்க்ரூக்களின் தலையெல்லாம் தேய்ந்திருந்தன. நானும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் வட்டத் தகடு பளபளவென்று கண்ணாடியாக இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. தகட்டின் மேல் நகரும் சின்னக் கை கோணலாக வளைந்திருந்தது.

"எந்த மடையன் இத்தத் தொறந்தான்?" என்று கத்தினேன். "மூள கீதா அவனுக்கு? உள்ள ஒரு தூசி பட்டாலே போச்சு. டீசல ஊத்தித் தொடச்சி வெச்சிகீறான். இத்தக் குப்பையிலதான் போடணும்."

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். திருமலை அண்ணன் சிரித்த முகமாக நின்றிருந்தார். நன்றாக வைத்திருக்கிறாய் அண்ணே என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத் தயாராக வைத்திருந்த சிரிப்பு. அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"நாந்தான் தொறந்தேன், பிராங்கிளின்" என்றார். "மாசா மாசம், அவ நம்மள வுட்டுப் பூட்ட தேதில எடுத்துத் தொடப்பேன். எஞ்சினு சாமான அப்டித்தான வெச்சிகினு கீறோம். டீசல்ல தொட்டு, பனியன் துணில ஈரம் போவத் தொடச்சி, பூட்டி வெச்சிடுவேன். நீதான உப்பு ஏறக்கூடாதுன்ன."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் மாட்டிப் பார்க்காமல் எப்படி விடுவது? மூடியைப் பூட்டி, இரண்டு ஒயரையும் சொருகி ஆன் செய்தேன். டிஸ்க் டிக், டிக் என்று நாலைந்து தடவை தட்டியது. பிறகு நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் காட்டியது. அது முகம் தெரியாத யாரோ ஒருவருடையது.

"அண்ணே, நான் சொம்மா கோவத்துல கத்திட்டேன்" என்றேன். "நீ தொடச்சதால இல்ல. வெள்ளத்துலயே தண்ணி பூந்திருக்கும். அன்னிக்கே போயிருக்கும்."

"தண்ணி படலியே." மெதுவாகத்தான் சொன்னார். "நாந்தான தூக்கினு போனேன். ஒரு சொட்டு படல. அப்பால நீயே தொறந்து பாத்துட்டு, எல்லாம் இதுல கீதுன்னு சொல்லி என் கைல குட்த்த."

திட்டத் தெரிந்த அளவுக்கு எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. காப்பி எடுக்காமல் விட்டது நான்தான், தப்பு என்மேல்தான் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாந்தானா?" என்று கேட்டார். பிறகு, "செல்லம்மா காத்தாலேந்து ஒண்ணும் துன்னல. இத்த எப்டிச் சொல்வேன்?" என்றார்.

செல்லம்மா அக்கா டீயோடு வந்தார். கண் சிவந்திருந்தது. டீ ஆறி ஆடை படிந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் தடுப்புக்குப் பின்னாலேயே நின்றிருந்தாரோ. ஒரு டம்ளரை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை அவர் புருஷன் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தண்ணி பட்ச்சி" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார்.

"தார்ப்பாயில ஓட்ட இருந்துச்சி. அன்னிக்கி என்னா மழ. நான் உன் பின்னாலதான வந்தேன், மேலேந்து ஒழுகினத என் கண்ணால பாத்தேன். தலை மேல இருந்தது உனுக்கு எப்டித் தெரியும்? அம்மாம் கஷ்டப்பட்டுத் தூக்கினு போற, சொன்னா நீ உடைஞ்சி பூடுவியேன்னுதான் இத்தினி நாளா சொல்லல. என்னா தம்பி, தண்ணி பட்டா போயிடும்தான?"

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். ஈரமே இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அன்று என் பக்கத்தில் நின்றுதானே பார்த்தார்.

"ஆமாக்கா. ஒரு சொட்டு போதும்" என்றேன்.

திருமலை அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டீயை எடுத்துக் குடித்தார். அக்கா அவர் முதுகில் கை வைத்தபடியே இருந்தார்.

நான் டிஸ்க்கைக் கழற்றப் போனேன். அக்கா தடுத்தார். "மாட்டிட்டு போ தம்பி. ஓடலன்னா இன்னா, உள்ளயே இருக்கட்டும். இவுரு இனிமே தொறக்கத் தேவல."

இரண்டாவது இடத்தில் வைத்து நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். ஒன்று கீழே விழுந்தது. திருமலை அண்ணன்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். பக்கவாட்டு மூடியைப் போட்டேன்.

"சாப்ட்டுப் போ, பருப்பு வெக்கிறேன்" என்று அக்கா எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. நானும் அண்ணனும் தரையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் விசில் அடித்தது. அண்ணன் சட்டென்று கம்ப்யூட்டர் முன்னால் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றது.

குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கச் சொல்லவில்லை.