டெய்லர் போட்ட கோடு

முதுகில் ஆபரேஷன் முடிந்த மனைவியை நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டெய்லருக்குச் சந்தோஷம் பாதி, பயம் மீதி. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவருடைய பழைய கார் பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் அவள் அலறிய அலறல் இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துவிட்டன என்றார் மெக்கானிக். அடுத்த வாரம்தான் கை ஒழியுமாம். டெய்லர் ஸ்பிரிங்கோடு சேர்ந்த புதுசு இரண்டை வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார்.

பஸ் ஓட்டும் மைத்துனன் கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்தான்.

"மாமா, ஊசி பிடிச்ச கைக்கு இதெல்லாம் தேவையா? அக்காவ ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்து விடச் சொல்லலாமே."

"அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் பிசியோதெரபிக்கு? அதுக்கும் ஆம்புலன்ஸா? வாயை மூடிட்டு ஸ்டாண்டை எடுத்து வை, மாப்ள."

ஷாக் அப்சார்பரின் அடியில் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட். அவை இருந்த இடம் மாறினால் சக்கரம் சாய்ந்துவிடும், அடையாளம் வைத்துக்கொள் என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டெய்லர் சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து, தோள்பட்டைக்குக் கோடு போடுவதுபோல அழகாகப் போட்டார், இரண்டு பக்கமும். பிறகு துருப்பிடித்த நட்டுகள் இளகட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக அடித்தார்.

மத்தியானம் புதுசை மாட்டும்போது கோட்டைத் தேடினால், கோடு இல்லை. எண்ணெய் அதைக் குடித்துவிட்டிருந்தது.

முப்பது வருஷப் பழக்கம். டெய்லர் போடும் கோடு துவைத்தால் போய்விட வேண்டும், அதுதான் தொழில். அவருக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான்.

"அக்கா பயந்துட்டே இருக்கா மாமா. அந்தக் கார்லயா வரணும்னு காலைல போன்லகூட கேட்டா."

டெய்லர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய் நூல்கண்டும் கத்தரிக்கோலும் டேப்பும் கொண்டு வந்தார். புதுசைக் குத்துமதிப்பாக மாட்டிக் காரைத் தரையில் இறக்கி, நூலில் கத்தரிக்கோலைக் கட்டிச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டார். மேலே எவ்வளவு இடைவெளி, கீழே எவ்வளவு என்று அளந்தார். வலது சக்கரம் சாய்ந்திருந்தது. கழற்றினார், நகர்த்தினார், மாட்டினார். நான்காவது தடவையில்தான் இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தது. போல்ட்டுகளை முறுக்கிவிட்டு, மைத்துனன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"நேராத்தான் போகுது. அடுத்த வாரம் மெக்கானிக்கிட்ட ஒருமுறை காட்டிடுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் மனைவி ஏறியதுமே கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் கண்ணைத் திறக்கவில்லை. டெய்லர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். அவருக்கும் பயம்தான்.

கார் நின்றது.

"ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க? ஸ்பீடு பிரேக்கர் வந்துடுச்சா? மெதுவா ஏத்துங்க, ப்ளீஸ்."

"அதைத் தாண்டியாச்சும்மா. கண்ணைத் திற. நம்ம வீடு."