பதினெட்டாவது நிமிடம்

சுபாஷ் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் இசக்கிதுரை அந்த வீட்டுப் படியேறினார். சாவு வீட்டில் துட்டி கேட்கக்கூட வராத மனுஷன். தென்காசியில் அதைவிடப் பெரிய வீம்பை யாராலும் பிடிக்க முடியாது. இப்போதும் தானாக வரவில்லை. சுபாஷின் மகள் அபி போன் போட்டுக் கூப்பிட்டதால் வந்தார்.

அபி சென்னையில் சவுண்ட் இன்ஜினியர். தொண்ணூற்றெட்டில் குற்றாலம் சாரல் விழாவில் 'ஆடிக்காத்து' பேண்ட் வாசித்ததை மைக்செட்காரர் கேசட்டில் பிடித்துக் கொடுத்திருந்தார். அது அப்பாவின் பீரோவில் கிடைத்தது. சுத்தம் பண்ணி ஆல்பமாக வெளியிடப் போகிறாள். கிட்டார் வாசித்த இசக்கிதுரை சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆடிக்காத்துக்குப் பிழைப்பு, கோவில் கொடைத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிப்பது. ஆசை மட்டும் வேறு. பாடகரே இல்லாத இருபத்திரண்டு நிமிட ராக், ஏழு ஏழாக எண்ணி வாசிக்க வேண்டிய தாளம். அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்த கூட்டம் அன்று அதையும் நின்று கேட்டது! பதினெட்டாவது நிமிடம் சிறப்பு விருந்தினர் மேடையேறினார். கொடை மேடைகளில் பெரிய மனிதர் யாராவது வந்தால், நடுப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வரவேற்பு இசைக்குத் தாவுவது ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் பழக்கம். அன்றும் பாட்டு உடைந்து, சுபாஷின் கீபோர்டில் வரவேற்பு இசை முழங்கியது. கூட்டம் சிரித்தது.

"கொடை மேடப் புத்தி போகுதாலே ஒனக்கு?" என்று எல்லார் முன்னாலும் சுபாஷை ஏசிவிட்டு இறங்கியவர்தான் இசக்கிதுரை. பேண்டும் அன்றோடு சரி, பேச்சும் அன்றோடு சரி.

"அந்த இடத்துக்கு முன்னாடியே வெட்டிருதேன் மாமா," என்றாள் அபி. "எனக்கு அதைக் கேக்கவே முடியல, ஒவ்வொரு தடவையும் நிறுத்திருதேன். அப்பா பேரு கெட வேண்டாம்லா."

சுபாஷின் மனைவி மாரிச்செல்வி காப்பியை வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

இசக்கிதுரை ஹெட்போனை மாட்டினார். கிட்டார் இடது காதில், கீபோர்டு வலது காதில். மேடை இரைச்சலில் அன்று இப்படிப் பிரித்துக் கேட்க வழியில்லை. இரண்டும் ஏழில் போய்க்கொண்டிருந்தன. பிறகு கீபோர்டு ஏழிலேயே இருக்க, கிட்டார் மட்டும் கொடை மேடைப் பாட்டுகளின் நாலு எண்ணிக்கைக்கு இறங்கியது. அவருடைய கைதான் பழக்கத்தில் வரவேற்பு இசையைத் தொட்டுவிட்டு, தடுமாறி நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் கீபோர்டு வந்து அதைத் தாங்கி எடுத்துக்கொண்டு போனது.

இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாம் தரமும் கேட்டார். இருபத்தேழு வருடக் கோபம் அப்படியே வெட்கமாகி, தலையை நிமிர்த்த முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

"வெட்டாத அபி," என்றார். "தப்புப் பண்ணது நான். ஒங்கப்பன் என்னைய அந்தரத்துல விடாமக் கூட வந்தான். அட்டையில எம்பேரப் போட்டே அதை எழுதிரு."

மாரிச்செல்வியைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் கும்பிடை வாங்கிக்கொள்ளவில்லை.

"அவுகளுக்கு இது தெரியுமா அண்ணாச்சி?"

"கூட வாசிச்சவனுக்குத் தெரியாமலா தாயி?"

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லலியே. 'ஒங்களாலதான பேண்டு போச்சு'ன்னு சாகுத அன்னைக்கும் ஏசினேனே அண்ணாச்சி."