கருமந்தி லேகியம்

ஞானசிகாமணிக்குச் சட்டைப் பொத்தான் போடுவதே பெரிய வேலையாகிப் போயிருந்தது. ஒன்றைப் போடுவார், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார், பிறகுதான் அடுத்தது. மனைவி சுசீலாபாய் உதவிக்குப் போனால் அவள் கையைத் தட்டிவிடுவார். போனக்காட்டுக்கு மேலேயுள்ள காட்டில் வாச்சராக வேலை பார்த்து, மலையேறியே வாழ்ந்த மனுஷன். நெஞ்சு கெட்டுப்போய், டவுனில், கரமனையில் இந்த வாடகை வீட்டுக்கு இறங்கி வந்திருந்தார். காட்டுத்தீ அணைத்த புகை பாதி, பீடி பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சுமருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு பழையபடி இழுப்பு.

காட்டில் அவருக்கு உயிராக இருந்தவை கருமந்திகள். கருத்த உடம்பும் பொன்பழுப்புத் தலையுமாக உச்சிமரங்களில் திரியும் அந்தக் குரங்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். விடிந்ததும் ஆண்மந்தி மலைமேலிருந்து ஹூம் ஹூம் என்று விளிக்கும். "கோயில் மணி கேட்டு எழும்புறவன் உண்டு. நான் மந்தி விளி கேட்டு எழும்புறவன்" என்பார்.

இழுப்புக்கு நல்லது என்று லேகியம் கிண்ட வேட்டைக்காரர்கள் அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருமுறை புகைபோட்டு வாட்டிய உடல்களோடு இரண்டு பேரை அவரே பிடித்துக் கொடுத்தார். கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல நடையாய் நடந்தார். வாய்தா மேல் வாய்தா. கேஸ் எழுதிய ஆபீசர்கள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். கடைசியில் அந்த இரண்டு பேரும் இவரைப் பார்த்துச் சிரித்தபடி வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாராவது அந்த லேகியத்தின் பேச்சை எடுத்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார். "இழுப்புக்கு மனுஷன் மந்தியத் திங்கான். மந்திக்கு இழுப்பு வந்தா அது எவனத் திங்கும்?"

அப்படிப்பட்டவருக்குத்தான் சுசீலாபாய் அதை வாங்கினாள்.

வழி சொன்னது ரத்னாபாய். சபையில் பக்கத்தில் உட்காருகிறவள். ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்புப் போடும்போது காதோரம் வந்தாள்.

"ஒரு காரியம் சொல்லட்டா? எனக்க மாமனாருக்கு இதே இழுப்புதான். கருமந்தி லேகியம் குடுத்தோம். இப்பம் சந்தைக்கு நடந்து போறாரு."

"அவரு அறிஞ்சா என்னக் கொன்னுபோடுவாரு அக்கா."

"அறியாம குடு. ஆட்டு லேகியம்னு சொல்லு. ஆள் ஜீவிக்கணுமா, கொள்கை ஜீவிக்கணுமா?"

மூன்று நாள் அந்தக் கேள்வி சுசீலாபாயைத் தூங்கவிடவில்லை. நான்காம் நாள் காலையில் அவர் குளியலறையில் ஈரத் தலையோடு, துவட்ட மூச்சில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்தாள். கண்கள் அவளைத்தான் பார்த்தன, ஆனால் கூப்பிடக் குரல் இல்லை. அன்றே ரத்னாபாயிடம் நம்பர் வாங்கி, லேகியம் விற்கும் பினுவுக்கு போன் பண்ணினாள்.

பினு மெலிந்த, மரியாதையான பையன். தோள்பையிலிருந்து பழைய பூஸ்ட் பாட்டிலை எடுத்து வைத்தான். உள்ளே கருகருவென்று லேகியம். நெய்யும் சீரகமும் வெல்லமும் மணத்தன.

"கடையில கிட்டுறதெல்லாம் ஆடு சேச்சி. இது அசல் சாதனம். காலையில ஒரு நெல்லிக்காய் அளவு, ராத்திரி ஒரு நெல்லிக்காய் அளவு. ஆர்ட்டயும் பறைய வேண்டாம், கேட்டீங்களா."

அவள் பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். கணவரிடம் ஆட்டு லேகியம் என்றாள். அவர் நக்கிப் பார்த்து, "இனிப்பு கொஞ்சம் கூடுதல்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் மனுஷன் மாறிவிட்டார். பசி திரும்பியது. மீன்குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டார். சட்டைப் பொத்தானை ஒரே மூச்சில் போட்டுவிட்டு, தானே ஆச்சரியப்பட்டவர்போல மார்பைத் தடவிப் பார்த்தார். கன்னங்கள் உருண்டன. ஞாயிற்றுக்கிழமை சபைப் படிகளில் நிற்காமல் ஏறினார். சபைப் பாட்டோடு அவர் குரல் சேர்ந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபக்கூட்டத்தில் சுசீலாபாய் எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாட்சி பகர்ந்தாள். கூட்டம் முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கர்த்தர் சரி, மருந்து எது?" என்று ஒருத்தி வெளிப்படையாகவே கேட்டாள். தன் வீட்டில் இறங்கிய நன்மையை மற்றவர்களிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பினுவின் நம்பரைக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியிடமும் "அவரு அறியப்படாது" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது பாட்டிலோடு வந்தபோது பினு ஒரு உதவி கேட்டான்.

"சேட்டன் நடக்குறத ஒரு சின்ன வீடியோ எடுத்துத் தாங்க சேச்சி. இழுப்புக்காரங்க கண்டா ஒரு நம்பிக்கை வரும் அல்லே."

நம்பிக்கை நல்லதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஷீனாவுக்கு அனுப்ப என்று சொல்லி அவரை மாடிப்படி ஏறச் சொன்னாள். போனைப் பிடித்தபடி, "ஏறுங்க, இன்னும் ஏறுங்க, பாத்தியளா" என்றாள். மேல்படியில் நின்று அவர் சிரித்துக் கைகாட்டினார். காக்கி நிறத்துப் பழைய சட்டை. பல வருஷங்களுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு.

நாலைந்து மாசம் போனபின், மூச்சு திரும்பிய மனுஷனுக்கு மலை ஞாபகம் வந்தது.

"ஒரு தடவ போய் மந்திகளப் பாத்துட்டு வந்துருவோம் சுசீலா. இனி எப்பம் முடியுமோ."

தம்பானூரிலிருந்து போனக்காட்டு பஸ் ஏறினார்கள். நெடுமங்காடு தாண்டி, விதுரை தாண்டி, செக்போஸ்ட்டில் அவரை அடையாளம் கண்ட பழைய பாரஸ்ட் கார்டு ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் முகத்தில் ஏதோ தயக்கம் இருந்தது. சுசீலாபாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்டேட்டில் பாக்டரி கதவு துருப்பிடித்துக் கிடந்தது. தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாகியிருந்தது. தொழிலாளர் லயத்தில் புகை வந்த சில வீடுகளில் ஒன்று வேல்சாமியுடையது. தேயிலை வேலை நின்றபிறகு காட்டில் அவரோடு தற்காலிக வாச்சராக அலைந்தவன்.

"வாங்க அண்ணாச்சி" என்றான் வேல்சாமி. சுசீலாபாயைப் பார்க்காமல் பெஞ்சைத் துடைத்துப் போட்டான்.

"விளியே கேக்கலியே வேலு. வர்ற வழி முழுக்கக் காது குடுத்துக்கிட்டேதான் வந்தேன்."

"இல்ல அண்ணாச்சி."

"அருவிக்கு மேல உள்ள கூட்டம்?"

"இல்ல. அருவி மேலயும் இல்ல, பாறைக்கு அங்கிட்டும் இல்ல. மழைக்கு முன்னால தொடங்குனாங்க. சத்தமில்லாத துப்பாக்கி வச்சிருக்கானுவ. குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு ஒரு தாய் மட்டும் கொஞ்ச நாள் திரிஞ்சுது. அதுவும் இப்ப இல்ல."

"ஆளுக ஆரு?"

"வெளியாளுக. இங்க உள்ள ஒண்ணுரெண்டு பயலுவளும் வழி காட்டுனானுவ, அண்ணாச்சி. பொய் சொல்லல. வேலை கெடையாது, கூலி கெடையாது. பாவம்டா, வேண்டாம்டான்னு நான் சொன்னேன்." வேல்சாமி நிறுத்தினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுக்கு அவனுவ உங்களக் காட்டுனானுவ."

"என்னையா?"

வேல்சாமி போனை எடுத்துத் தேடிக் கொடுத்தான். ஞானசிகாமணி அதைக் கண்ணுக்கு எட்டப் பிடித்தார். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறினார், மேலே நின்று சிரித்துக் கைகாட்டினார். அடியில் மலையாளத்தில் எழுத்து ஓடியது: படுத்த படுக்கையாகக் கிடந்த ஃபாரஸ்ட் வாச்சர், அசல் கரிங்குரங்கு லேகியம், மூன்று வாரத்தில்.

"வாச்சரே திங்காரு, பெறவு எங்களுக்கு என்னடேன்னு கேட்டானுவ."

போனிலிருந்து பெண்குரல் வந்தது. "ஏறுங்க, இன்னும் ஏறுங்க, பாத்தியளா." ஞானசிகாமணி அதை மறுபடி ஓடவிட்டார். மூன்றாம் தடவையும் ஓடவிட்டார். சுசீலாபாய் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் திட்டுவார், ஏன், அடிக்கக்கூட அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த பஸ் எப்பம் வேலு?" என்றார்.

வழி முழுக்க ஜன்னல்பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக்குள் போய்த் தேடி, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்து வீட்டின் பின்னால் குழிதோண்டிப் புதைத்தார். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து படுத்தார். அவள் வைத்த கஞ்சியைத் தொடவில்லை.

"எனக்கு நீங்க வேணும்னுதான்..." என்று ஆரம்பித்தாள்.

"பேசாத சுசீலா."

மூன்றாம் நாள் அவர் வாந்தி எடுத்தார். கால்கள் துவண்டன. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினார். ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் மீரா இளவயசுக்காரி. அவருடைய உருண்ட முகத்தையும் மெலிந்த கைகால்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நாட்டுமருந்து ஏதாவது சாப்பிட்டாரா? மறைக்காம சொல்லுங்க அம்மா."

சுசீலாபாய் சொன்னாள். டாக்டர் ஆச்சரியப்படவில்லை.

"அதுல ஸ்டீராய்டு மாத்திரை பொடிச்சுச் சேர்த்திருப்பாங்க. இதுபோல முன்னாலயும் வந்திருக்கு. அதுதான் பசி, அதுதான் மூச்சு, அதுதான் இந்த முகம். திடீர்னு நிறுத்தினா உடம்பு இப்படித்தான் விழும்."

"அப்பம் மந்தி?"

"மந்தியில ஒரு மருந்தும் இல்லம்மா."

ஊசியும் டிரிப்பும் ஏறி அவர் பிழைத்தார். பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறியிருந்தது, எலும்பு தேய்ந்திருந்தது, நெஞ்சு முன்னைவிட மோசம். கண் தெளிந்த அன்று டாக்டர் சொன்னதை அவள் அவரிடம் சொன்னாள். ஏதோ ஒரு பாரம் குறையும் என்று நினைத்தாள். உங்களை நடக்கவைத்தது அந்த மாமிசம் இல்லை, வெறும் மாத்திரைப் பொடி என்றாள்.

அவர் மார்பைத் தடவிக்கொண்டார்.

"அப்பம் அதுவ சும்மா செத்துது" என்றார்.

அவர் சொல்லித்தான் அவள் வனத்துறை ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். பினுவின் நம்பரைப் போட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப். அவனுடைய ஊர், முழுப்பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது.

"சேச்சி, வாங்கினதும் குற்றம்தான். கேஸ் எழுதினா முதல்ல உங்க பேர்தான் வரும். வீடியோவுல உள்ளது உங்க சேட்டன். கோர்ட்டுல அவர நிறுத்தணுமா?"

"நிறுத்தினாலும் சரி. அவரு சம்மதிச்சுதான் அனுப்பினாரு."

"மந்தியோட ஒரு எலும்பு வேணும், தோல் வேணும். ஒண்ணும் இல்லாம என்ன செய்ய? ஞானசிகாமணி சேட்டன எனக்கு நல்லாத் தெரியும். அவருக்காகத்தான் பறையுறேன். வீட்டுக்குப் போங்க."

புதைத்த பாட்டிலைத் தோண்டிக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். கொண்டுபோய்க் கொடுத்தாள். பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு பதிலும் வரவில்லை.

வீடியோ மட்டும் நிற்கவில்லை. ரத்னாபாயிடம் எல்லாவற்றையும் சொல்லி, மாமனாருக்கு லேகியத்தை நிறுத்தும்முன் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சுசீலாபாய் கெஞ்சினாள். "உனக்க வீட்டாருக்குப் பலிக்கல, அதுக்கு?" என்றாள் ரத்னாபாய். அடுத்த ஞாயிறு வேறு வரிசையில் உட்கார்ந்தாள். யார் யாரோ வீடு தேடி வந்தார்கள். ஆட்டோக்காரர்களிடம் வாச்சர் வீடு என்று கேட்டாலே போதும், கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஒரு மத்தியானம் ஷெமி என்று ஒரு பெண் வந்தாள். பாறசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே போனைக் காட்டினாள்.

"இது உங்க வீட்டாருதானே அக்கா? எனக்க கெட்டினவருக்கு முப்பத்தெட்டு வயசு. கல்குவாரி வேலை. மூச்சு இல்ல. அந்த ஆளுக்க நம்பர் மட்டும் தந்தா போதும்."

"அது வேண்டாம் மோளே. அதுல ஒண்ணும் இல்ல. மாத்திரையப் பொடிச்சுப் போட்டு ஏமாத்துறான். இவரு செத்துப் பொழச்சாரு."

"நம்பர் தாங்க அக்கா."

"சத்தியமா, எனக்க கையில இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்லதான் கெடக்கு. வேற நம்பர் இருந்தாலும் தரமாட்டேன்."

ஷெமியின் முகம் இறுகியது. "உங்களுக்குக் கிட்டினது எங்களுக்குக் கிட்டப்படாது, இல்லியா?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஞானசிகாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். இந்தப் பெண்ணிடம் தானே நேரில் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருக்கிறார் என்பது சுசீலாபாய்க்குப் புரிந்தது. சுவரைப் பிடித்து, மேசையைப் பிடித்து, கதவு நிலை வரைக்கும் வந்தார். ஓடிப் பிடிக்கப் போனவளைக் கையால் விலக்கினார். நிலையில் சாய்ந்து நின்று, ஷெமியைப் பார்த்து வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது. இன்னொரு தடவை திறந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. வேண்டாம் என்று தலையை அசைக்கப் பார்த்தார், இருமல் வந்து உடம்பு முழுவதும் ஆடியது. சொல் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஷெமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வீடியோவில் பார்த்த அதே முகம். அவள் கண்களில் வெளிச்சம் வந்தது.

"எழும்பி நிக்காரே" என்றாள். "நடந்து வந்தாரே. எனக்க ஆளு கட்டிலுல இருந்து காலெடுத்து வச்சு மாசம் ஆறாச்சு."

கும்பிட்டுவிட்டு, வேகமாகப் படியிறங்கித் தெருவில் நடந்தாள். முனை திரும்பும்முன் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தாள். ஞானசிகாமணி நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். சுசீலாபாய் பம்பை எடுத்துவந்து அவர் வாயில் வைத்தாள்.