முற்றிலும் பொய்யான புறாக்கள்

எங்கள் ஊரில் செய்தியை யாரும் நம்புவதில்லை. மறுப்பை எல்லோரும் நம்புவார்கள்.

சித்தப்பாவின் வாரப் பத்திரிகைக்கு நாலு பக்கம். முதல் பக்கத்தில் நகராட்சித் தலைவர் எதையாவது திறந்துவைப்பார். கடைசிப் பக்கத்தில் யாராவது செத்திருப்பார்கள். நடுவில் இருப்பவை நகராட்சியின் ஏல அறிவிப்புகள். எங்களுக்குச் சோறு போடுபவை. வாசகர்கள் இவற்றில் எதையும் தேடுவதில்லை. கட்டம் கட்டிய மறுப்பு எங்கே என்றுதான் தேடுவார்கள். "புதுப் பாலம் ஆடுகிறது என்பது முற்றிலும் பொய்" என்று நகராட்சி ஒருமுறை மறுத்தது. அன்றிலிருந்து ஊர் மொத்தமும் ஆற்றில் இறங்கித்தான் நடக்கிறது.

மறுப்பு எழுதவென்றே நகராட்சியில் ஒருவர் இருந்தார். பதவியின் பெயர் மக்கள் தொடர்பு அலுவலர். மக்களோடு அவருக்கு ஒரு தொடர்பும் கிடையாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் மறுப்பு சார். அச்சுக்குப் போகும் முன் பக்கங்கள் அவர் மேசைக்குப் போய்வர வேண்டும் என்பது ஏற்பாடு. மற்ற இடங்களில் இதைத் தணிக்கை என்பார்களாம். இங்கே "சும்மா ஒரு பார்வை" என்போம். செய்தியைப் படித்த கையோடு அவர் மறுப்பை எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். செய்தியும் மறுப்பும் ஒரே இதழில், கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி ஒட்டி நிற்கும்.

கல்லூரி முடிந்ததும் நான் போய் பக்கங்களை வடிவமைப்பேன். தலைவருக்கு முடி வைப்பதும் என் வேலைதான். அவர் தலை, கழுவிக் கவிழ்த்த சட்டி. ஆனால் பத்திரிகையில் வாராவாரம் கருகருவென்று தலைசீவி நிற்பார்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது குழாயிலிருந்து ஓர் இறகு வந்தது. சாம்பல் நிறம், நுனியில் கொஞ்சம் சதை. குடிநீரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். சதை இருந்ததாக ஞாபகமில்லை.

ஊருக்குத் தண்ணீர் விடும் நகராட்சித் தொட்டிக்குப் போனேன். காவலாளி கடமை உணர்வோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறினேன். மேலே மூடி இல்லை. புறாக்கள் இருந்தன. சில நேற்றுச் செத்தவை, சில ஊதிப்போனவை, சில புறா என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும் என்ற நிலையில் இருந்தவை. அவற்றைச் சுற்றி எண்ணெய் மாதிரி ஒரு படலம் மெதுவாக அசைந்தது. ஓரத்துச் சுவரில் புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அதில்தான் பல் துலக்கியிருந்தேன் என்பது நினைவுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். தலையை வெளியே நீட்டித்தான் எடுத்தேன். நகராட்சியைவிட எனக்குப் பொறுப்பு அதிகம்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தலைவர் வீடு தெரிந்தது. வாசலில் கார். காருக்கு மேல் வெயில் படாமல் நீல நிறத்தில் வட்டமாக ஒரு கூரை. தொட்டியின் மூடி.

போட்டோ எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா மகள் குட்டிக்குச் சில நாட்களாக வயிற்றுப்போக்கு. பிள்ளை துவைத்துப் போட்ட துணி மாதிரி பாயில் கிடந்தாள். டாக்டர் கொடுத்த உப்புப் பொடியை டம்ளரில் கலக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. குழாய்த் தண்ணீரில்.

"அக்கா, அதைக் குடுக்காத. தொட்டியில புறா செத்து மிதக்குது."

"போன மாசம் முதலை கிடக்குன்னே. பக்கத்து வீட்டம்மா ரெண்டு நாள் குளிக்கவே இல்ல."

"அது விளையாட்டு. இது நிஜம்கா."

"அன்னைக்கும் மூஞ்சிய இப்படித்தான் வச்சிருந்தே."

போட்டோவைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"தலைவர் மண்டையில முடி நட்டவன்தானே நீ? தொட்டியில புறா நட எவ்வளவு நேரம் ஆகும்? காய்ச்சாமலே குடிக்கலாம்னு நம்ம சித்தப்பா பேப்பர்லதான் கொட்டை எழுத்துல வந்துச்சு."

"அது தலைவர் சொன்னது."

"அப்ப அவர் மறுக்கட்டும். பேப்பர்ல மறுப்பு வரட்டும், நம்புறேன். இப்ப தள்ளு, பிள்ளை மருந்து குடிக்கணும்."

டம்ளரைத் தட்டிவிட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அதே குழாயில் இன்னொரு டம்ளர் பிடித்தாள்.

சித்தப்பாவுக்கு எப்போதாவது முதுகெலும்பு வலிக்கும். அவருக்கு அது இருக்கிறது என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது. போட்டோவைப் பார்த்த அன்று நன்றாகவே வலித்திருக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டார், படத்திலிருந்து நாற்றம் வருகிற மாதிரி.

"குட்டி இதையா குடிக்கிறா?"

"இப்பவும் குடிச்சிக்கிட்டிருப்பா."

"முதல் பக்கம். பெரிசாப் போடு. அவன் கார் மேல இருக்கிற மூடியையும் எழுது. நாமளும் மனுஷங்கதான்டா!"

போட்டேன். பக்கம் மறுப்பு சாரின் பார்வைக்குப் போனது. அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சித்தப்பாவின் போன் அடித்தது. போனை எடுக்குமுன் எழுந்து நின்றார். தலைவரோடு அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"வணக்கங்க... இல்லைங்க, சின்னப் பையன், தெரியாம... அய்யோ, எங்க குடும்பமே உங்க நிழல்லதாங்க... எடுத்துட்டேங்க. இப்பவே எடுத்தாச்சுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எடுத்துரு."

"நேத்து நாமளும் மனுஷங்கன்னீங்க."

"அது நேத்து. ஏல அறிவிப்பு நின்னுச்சுன்னா நீயும் நானும் புறா பிடிச்சுத்தான் திங்கணும்."

"பிடிக்கவே வேண்டாம் சித்தப்பா, தொட்டியில ஊறவச்சே இருக்கு."

"வாய மூடு. உங்க அக்காகிட்ட காய்ச்சிக் குடுக்கச் சொல்லு, போதும்."

"நான் சொன்னா கேக்க மாட்டா. பேப்பர் சொன்னாத்தான் கேப்பா."

"பேப்பர் சொல்லாதுடா," என்றார். அவர் பத்திரிகை நடத்திய காலத்திலேயே சொன்ன ஒரே உண்மைச் செய்தி அதுதான்.

செய்தியை எடுத்தேன். முதல் பக்கத்தின் நடுவில், பல் விழுந்த வாய் மாதிரி ஓர் ஓட்டை. அதை அடைக்கத் தலைவரின் படம் ஒன்றை சித்தப்பா தேடிக்கொண்டிருந்தபோது நகராட்சி பியூன் வந்து முத்திரை குத்திய உறையை நீட்டினார்.

"மறுப்பு சார் குடுத்தாரு. முதல் பக்கம், கட்டம் கட்டி, ஒரு எழுத்து மாத்தக் கூடாதாம்."

செய்தியை எடுக்கச் சொன்னவர் தலைவர். எடுத்தாகிவிட்டது என்பதை மறுப்பு சாருக்குச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் செய்வதை இன்னொருவர் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கமும் இல்லை. பக்கத்தைப் படித்தவர் வழக்கம்போல மறுத்திருக்கிறார். மனிதர் அரைகுறை வேலை செய்பவரல்லர். நாங்கள் எழுதாததையும் சேர்த்து மறுத்திருந்தார்:

"நகராட்சிக் குடிநீர்த் தொட்டியில் புறாக்கள் அழுகிக் கிடப்பதாக வெளியான செய்தி முற்றிலும் பொய். தொட்டியின் மூடி தலைவர் அவர்களின் காருக்குக் கூரையாக உள்ளது என்பதும் பொய். அது அங்கே தற்காலிகமாகவே வைக்கப்பட்டுள்ளது. குளோரினுக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தூள் கொட்டப்படுகிறது என்பதும், அதை வழங்குபவர் தலைவரின் மைத்துனர் என்பதும் விஷமிகளின் கற்பனை. மேற்படி புறாக்கள் அனைத்தும் இயற்கையான முறையில் இறந்தவை."

சுண்ணாம்பு விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும்.

"சித்தப்பா, மறுப்பு வந்திருக்கு."

"போடு."

"படிக்கலையா?"

"மறுப்பை எவன்டா படிப்பான்?"

"ஊரே படிக்குது."

"அதான் ஊர் உருப்படல. போட்டுத் தொலை, அச்சுக்கு நேரமாச்சு."

இந்த இடத்தில் எங்கள் துணிச்சலைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம்தான். எழுத ஒன்றுமில்லை. பயந்தவர் ஒருவர், படிக்காமல் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிந்தே பழகியவர் இன்னொருவர், கேட்காமல் எழுதினார். இந்த இருவரின் சோம்பேறித்தனத்துக்கு நடுவில் இருந்த சந்தில் உண்மை நுழைந்து வெளியே வந்தது, சாக்கடையிலிருந்து பெருச்சாளி வருகிற மாதிரி. நான் செய்தது ஓட்டையின் அளவுக்குக் கட்டத்தைப் பெரிதாக்கியது மட்டும். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அச்சு மை காயுமுன் ஒரு பிரதியோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். குட்டியின் கண்கள் உள்ளே போயிருந்தன. அக்கா கட்டத்தைத்தான் முதலில் பார்த்தாள். "முற்றிலும் பொய்" வரை வந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ, மறுத்துட்டாங்களேடா!"

குடத்தைத் தூக்கி வாசலில் கவிழ்த்தாள். அடியில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து குமட்டினாள். "சொல்லியிருக்கலாமேடா பாவி" என்று என்னைத்தான் திட்டினாள். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போகிற தெருவெல்லாம் ஜனங்கள் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

குட்டி பிழைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த தையல்காரரின் அம்மா பிழைக்கவில்லை. எங்கள் கடைசிப் பக்கத்தில் "வயது மூப்பின் காரணமாக" என்று வந்தது. அந்த வாசகம் நகராட்சியிலிருந்து வந்தது.

ஊர் வெறும் குடங்களோடு தலைவர் வீட்டு வாசலில் நின்றது. செய்தியே போடாமல் மறுப்பு எப்படிப் போட்டாய் என்று தலைவர் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினார். சித்தப்பா முத்திரையைக் காட்டி அழுதார். ஏல அறிவிப்புகள் நிற்கவில்லை. இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள பத்திரிகை வேறு எங்கே கிடைக்கும்? மறுப்பு சாரைச் சுடுகாட்டுப் பராமரிப்புக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மறுக்க ஆளில்லை.

அடுத்த வாரம் மூடி தொட்டிக்குத் திரும்பியது. அதற்கு ஒரு திறப்பு விழா. மூடியைத் திறந்துவைத்த தலைவர் உலகில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ரிப்பன் வெட்டினார், கைதட்டினார்கள், மூடினார்கள். அன்று வேகமான காற்று. இருந்தும் படத்தில் அவர் முடி ஒன்றுகூடக் கலையவில்லை, நான்தான் வைத்தேன்.

விழா முடிந்த கையோடு ஏணியின் கீழ்ப்படிகளை அறுத்து எடுத்துவிட்டார்கள், பொதுமக்கள் பாதுகாப்புக்காக. நகராட்சியிலிருந்து எங்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் வந்தது: இனிமேல் எந்தச் செய்திக்கும் மறுப்பு வெளியிடப்படாது.

இப்போது ஊர் பத்திரிகையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது. கட்டம் இல்லை. கடையில் கேட்கிறார்கள், "இந்த வாரம் எதையுமே மறுக்கலையா?" எதை நம்புவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நேற்று அக்கா தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, கொதிக்கும்வரை பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குட்டி டம்ளரோடு காத்திருந்தாள்.

"டேய், தண்ணி இப்ப சரியாயிருச்சா?"

"மூடி போட்டுட்டாங்க."

"அது தெரியும். புறாவை எடுத்துட்டுத்தானே போட்டாங்க?"

விழாவை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நான்தான் படம் எடுத்தேன். எல்லாப் படத்தையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மாலை வந்தது, ரிப்பன் வந்தது, கத்தரிக்கோல் வந்தது, மூடி வந்தது.

"இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்கா," என்றேன்.