இன்பராணியின் அண்ணனுக்கு அடிபட்ட கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் முக்கியப் பாத்திரத்தை நான் படைக்கவில்லை. படைத்தவள் இன்பராணி என்கிற நர்ஸ். 1979-ல், டில்லி கிட்வாய் நகரில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏழு பேர் முன்னிலையில், காப்பி வருவதற்குள் படைத்து முடித்தாள். பெயர் செல்வராஜ். அவளுடைய அண்ணன். வலது காலில் அடி. அப்படி ஒருவன் இந்த உலகத்தில் கிடையாது.

நான் அப்போது சர்க்கார் குமாஸ்தா. பெயர் எலியேசர். கதாசிரியன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகைகளுக்கு அனுப்பிய பதினோரு கதைகளும் வழி தவறாமல் வீடு திரும்பியிருந்தன. அவளுடைய கதையோ சொன்ன நிமிஷமே ஏற்கப்பட்டது. விஷயம் தெரியவந்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி பொறாமைதான்.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்.

‘டில்லியின் பனிமூட்டத்தில் அவள் மெல்ல—’ (அது ஜூன் மாதம். அனல்காற்றில் எல்லாரும் வறுபட்டுக்கொண்டிருந்தோம்.)

‘தனிமை என்பது மனிதனை—’ (இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

‘இன்பராணிக்கு யாருமில்லை.’ (இது உண்மை. ஆனால் எனக்குக் கடைசியாகத் தெரிந்த உண்மை. அதை முதல் வரியில் வைத்தால் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் வேஷம் போடுவதாகிவிடும். இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.)

3

எங்கள் ஜெபக்கூட்டம் நடந்தது சுவிசேஷமுத்து அண்ணாச்சியின் இரண்டு அறை குவார்ட்டர்ஸில். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், செக்‌ஷன் ஆபீசர். வெள்ளி ஏழு மணிக்குக் கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டுப் பாய் விரிப்பார். ஒரு மணி நேரம் வேதபாடம். முடவன் ஒருவனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய பகுதியை நாங்கள் மூன்று வெள்ளிக்கிழமை படித்தோம். பிரித்த கூரையைத் திரும்பப் போட்டுக் கொடுக்கவேண்டியது யார் என்பதில், எல்லாரும் சர்க்கார் ஊழியர்கள் ஆனதால், முடிவே வரவில்லை.

பாடம் முடிந்ததும் அண்ணாச்சி ஒரு நோட்டைத் திறப்பார். “ஜெபக் குறிப்பு?” என்று வரிசையாகக் கேட்பார். யாருக்காக, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், காஸ் கனெக்‌ஷன், ஸ்கூட்டர் வெயிட்டிங் லிஸ்ட், தம்பிக்கு வேலை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஜெபிப்பார்.

[என் குறிப்பு எப்போதும் ‘ஒரு சொந்த விஷயம்’. கதை பிரசுரமாகவேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்கலாம், அண்ணாச்சியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.]

அதற்குப் பிறகு காப்பி. காப்பியோடு வரும் பேச்செல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் கிளம்பும். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தார்களா, காஸ் வந்துவிட்டதா. அதாவது, குறிப்பு இல்லாதவரிடம் கேட்க யாருக்கும் எதுவும் இருக்காது. இன்பராணி புதிதாக வந்து முதல் இரண்டு வாரமும் “ஒண்ணுமில்லண்ணே” என்றாள். இரண்டு வாரமும் காப்பியைக் குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், பஸ் பிடித்துப் போனாள். மூன்றாவது வாரம், “எங்க அண்ணனுக்குக் கால்ல அடி” என்றாள்.

4

அடுத்த வெள்ளி அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான்கு பேர் கேட்டார்கள், கால் எப்படி இருக்கிறது என்று.

தொழில்முறையில் ஒன்று சொல்லவேண்டும். அவள் வாரத்துக்கு ஒரு தகவல்தான் கொடுத்தாள். லாரி உரசியது. மாவுக்கட்டு. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். நானாக இருந்தால் முதல் பத்தியிலேயே லாரியின் நம்பர்வரை கொட்டியிருப்பேன்.

செப்டம்பரில் அவள் அவனைக் குணமாக்கிப் பார்த்தாள். நடக்கிறான் என்றாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம், அண்ணாச்சியின் மனைவி தாயம்மாள் அக்கா கேசரி கிளறினாள். அடுத்த வாரம் யாரும் கேட்கவில்லை. குணமான காலைப் பற்றி என்ன கேட்பது? அதற்கடுத்த வாரம் எலும்பு சரியாகக் கூடவில்லை என்று தகவல் வந்தது.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. பரிதாபத்துக்குரியவளா, கைதேர்ந்த பொய்க்காரியா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அந்த எலும்பு கூடாத வாரத்தில் பேனா நின்றுவிடுகிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.)

ஏழு மாதத்தில் அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஹெட் நர்ஸாக இருந்த பிலோமினா அக்கா, அவளுக்கு வெள்ளிக்கிழமை டியூட்டி விழாமல் பார்த்துக்கொண்டாள். நாங்களெல்லாம் புராட்டஸ்டண்ட், பிலோமினா அக்கா கத்தோலிக்கர். ஞாயிறு பூசை, வெள்ளி எங்களோடு, ஃபாதருக்குத் தெரியவேண்டாம் என்ற ஏற்பாடு.

5

ஜனவரியில் எனக்குச் சொந்த ஊர் போய்வரும் லீவு கிடைத்தது. ஊர் திண்டுக்கல். செல்வராஜ் இருப்பதாகச் சொன்ன வத்தலக்குண்டு அங்கிருந்து ஒரு மணி நேர பஸ். நேரில் போய்ப் பார்த்துவருகிறேன் என்று கூட்டத்தில் அறிவித்தேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் தியாகத்தில் நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். “உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்” என்று இன்பராணி நான்கு தடவை சொன்னாள். அடக்கம் என்று நினைத்தேன்.

அவள் சொன்ன தெருவில் டீக்கடை, தையல்கடை, மளிகைக்கடை எல்லாம் விசாரித்தேன். கடைசியில் சர்ச்சில் மணியடிக்கிறவரைப் பிடித்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இந்தத் தெருவுல நொண்டுறது நான் ஒருத்தன்தான் தம்பி” என்றார்.

டில்லிக்குத் திரும்பும் ரயிலில் இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலுக்காக மூன்று வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை விட்டவன் நான்.

6

வந்து சேர்ந்ததும் வெள்ளிக்கிழமைதான். ஆறு மணிக்கே போய், சமையலறை வாசலில் நின்று தாயம்மாள் அக்காவிடம் போட்டு உடைத்தேன். செல்வராஜ் என்று ஒருவன் கிடையாது என்றேன். அவள் காலிஃப்ளவர் பக்கோடாவைத் திருப்பிப் போட்டாள்.

“தெரியும்” என்றாள்.

அக்டோபரிலேயே பிலோமினா அக்கா ஆஸ்பத்திரி ஃபாரத்தைப் பார்த்திருக்கிறாள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில், இன்பராணி வளர்ந்த அனாதை விடுதியின் வார்டன் பெயர் இருந்திருக்கிறது. பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் கதை எழுதுகிறவன், வாய் நிற்காது என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லையாம்.

தெரிந்துகொண்டே யாருக்காக ஜெபித்தீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் பிள்ளைக்குத்தான். அவளுக்குன்னு கேக்கதுக்கு நமக்கு ஏதாவது வேண்டாமா? அவ ஒரு கால குடுத்தா, அதக் கேட்டோம். பேரு மாறியிருந்தா என்ன தம்பி, ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியாமலா போவும்?”

இப்போது நான் உள்ளே போய் என்ன சொல்வது என்றேன்.

“பொய் சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன், வேதபாடம் நடக்க வீடு. நெசத்தச் சொல்லுன்னும் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கோடாவ எடுத்துட்டுப் போ.”

7

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் எழுந்து செருப்பைத் தேடுகிறாள். ‘படியிறங்கும் அவளுடைய—’ (இதற்குமேல் எழுத முடியவில்லை. அவள் அந்தப் படியில் இறங்கிப் போய்விட்டால் வேறு போகுமிடம் கிடையாது.)

ஆ) பார்த்தேன், நன்றாக ஓடியாடுகிறான் என்கிறேன். எல்லாரும் ஸ்தோத்திரம். அடுத்த வாரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இது ‘அ’வைவிட மோசம்.

இ) நானும் அவளும் கல்யாணம் செய்துகொள்கிறோம். (ஒரு நண்பரின் யோசனை. இன்பராணியிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.)

8

நடந்தது இது. பாடம் முடிந்தது. அண்ணாச்சி நோட்டைத் திறந்தார். ஊரில் எல்லாரும் சுகமா என்று என்னைக் கேட்டார், அவ்வளவுதான். காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆளாளுக்குப் பக்கோடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்பராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, இவர்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்பதுவரை அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போய், பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அண்ணே, அண்ணன் பேர அடிச்சிருங்க. என் பேர எழுதிக்கங்க.”

அண்ணாச்சி தலையை நிமிர்த்தவில்லை. “என்னன்னு எழுதட்டும்மா?” என்றார்.

அவள் சொன்னாள். இருபது நிமிஷம் சொன்னாள். பக்கோடா ஆறிப்போனது, ஒருவரும் தொடவில்லை. அன்று அண்ணாச்சி நோட்டைப் பிலோமினா அக்கா பக்கம் தள்ளினார், அவள்தான் ஜெபித்தாள்.

நாலு வருஷம் கழித்து, போன வாரம், இதுவரை எழுதியதை இன்பராணியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: அடிபட்டது வலது கால் இல்லை, இடது கால். அந்த இருபது நிமிஷத்தை எழுதட்டுமா என்று கேட்டேன்.

“வேணாண்ணே. அது அங்கன இருந்தவங்ககிட்டச் சொன்னது.”

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. இருக்கிறது, தரமாட்டேன். உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். நானும் ஒரு வாசகன்தான், தெரியாதா? கட்டாயம் வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. கூட்டம் இப்போதும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வாருங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில் உட்காருங்கள். பாடம் முடிந்ததும் அண்ணாச்சி உங்கள் பக்கம் திரும்புவார். முதல் வாரமே உண்மையைச் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும், அடுத்த வாரம் மறக்காமல் கேட்பார்கள்.