நல்ல நேரத்தில் ஏற்றிய வேகம்

ஆயுத பூஜையன்று எல்லா அலுவலகத்திலும்தான் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைக்கிறார்கள். பெங்களூர் ஹெப்பகோடியில் தீபிகா வேலை பார்த்த அலுவலகத்தின் மேனேஜர் ஸ்ரீகண்டன் அதோடு நிற்கவில்லை. ஃபேக்ஸ் சர்வருக்குச் சந்தனம் தடவி, எலுமிச்சம்பழம் சுற்றி, நல்ல நேரம் பார்த்து அதன் வேகத்தை 9600-லிருந்து 33600-க்கு ஏற்றிவிட்டார். வேகம் ஏறினால் தொழிலும் ஏறுமாம். பாவம், சர்வருக்கு அது தெரியவில்லை.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இன்சூரன்ஸ் அனுமதிக் கடிதம் அனுப்புவதுதான் அங்கே வேலை. செவ்வாய்க் கிரகத்துக்கே வண்டி விடுகிற அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் இன்னும் ஃபேக்ஸைத்தான் நம்புகின்றன. பூஜைக்குப் பிறகு அனுப்பியதில் பாதி, மூன்றாம் பக்கத்திலேயே அறுந்தது. ஸ்ரீகண்டன் டெலிபோன் லைனைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

திங்கட்கிழமை மாலை அறுந்தது, ஒரு பெரியவரின் இதய ஆபரேஷனுக்கான கடிதம். ஆறரைக்குள் போகாவிட்டால் ஆபரேஷன் ரத்து. தீபிகா ஆறு முறை அனுப்பினாள். ஆறும் அறுந்தன. மணி ஆறாகும்போது ஸ்ரீகண்டனின் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்தப் பக்கம் பழைய மெஷின். இவ்ளோ வேகம் தாங்கல. 9600-க்கு இறக்கிட்டா போயிடும்."

"நோடும்மா, இங்க பாரு, நல்ல நேரத்துல ஏத்தினத இறக்கக் கூடாது. இன்னொரு தரம் அனுப்பிப் பாரு."

சொல்லிவிட்டு, டிராபிக்குக்கு முன்னால் அல்சூர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் ஆறு மணிக்கு பெங்களூர் டிராபிக்கை முந்தலாம் என்று நம்புகிற மனுஷரிடம் வேறென்ன பேசுவது.

அவர் தலை மறைந்ததும் தீபிகா வேகத்தை இறக்கினாள். பதினான்கு பக்கமும் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து, ஆறு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை அவள் மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஃபேக்ஸ்: ஆபரேஷன் முடிந்தது, பெரியவர் நலம். தீபிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றது மெமோ: சொன்னதைக் கேட்காமல் வேகத்தை இறக்கியது ஏன்? இன்னொரு தடவை நடந்தால் வேலை போகும். சர்வருக்குக் கற்பூரம் காட்டி வேகத்தை மறுபடி ஏற்றியும் ஆகியிருந்தது.

மதியம் மூன்றேகாலுக்கு ஸ்ரீகண்டனே அவள் மேஜைக்கு வந்து நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. இந்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அமெரிக்கக் கம்பெனிக்கு நாலு மணிக்குள் ஃபேக்ஸ் அனுப்பியாக வேண்டும். ஐந்து தரம் அறுந்துவிட்டது.

"தீபிகா, இதுக்கு மட்டும் கொஞ்சம் இறக்கிடும்மா."

"இறக்கலாம் சார். ஆனா இன்னைக்குச் செவ்வாக்கிழமை. நாலரை வரைக்கும் ராகு காலமாச்சே."

ஸ்ரீகண்டன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மெஷினுக்கு ஏதும்மா ராகு காலம்?"

தீபிகா மெமோவை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அதையே இதுக்குக் கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். இறக்கிடறேன்."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.