ஒண்ணு, நாலு, அஞ்சு

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், ஹிலோ என்ற தீவுத் துறைமுகத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்தவனைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த பிலிப்போ, கிண்டலை முடிக்காமலேயே சரிந்து விழுந்தான். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். வலது கை மடங்கிப்போயிற்று. கால் இரண்டு மாதத்தில் தேறி, இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தான். பேச்சு மட்டும் திரும்பவில்லை. வந்தது ஒரே ஒரு வார்த்தை: வெள்ளிக்கிழமை.

காபி வேணுமா என்று கேட்டால் வெள்ளிக்கிழமை. தலை வலிக்கிறதா என்று கேட்டால் வெள்ளிக்கிழமை. தான் சொல்வது தப்பு என்பது அவனுக்கே தெரிந்தது; அதுதான் கொடுமை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான்.

ஐம்பத்தெட்டு வயதுவரை வாய் ஓயாத மனுஷன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதும் பேசுவான். பேசாத நேரத்தில் பாடுவான். சனிக்கிழமை சாயங்காலமானால் கியவ்காஹா பகுதியிலுள்ள அவன் வீட்டுக் கார் ஷெட்டில் நாலு பேர் கூடுவார்கள். பிலிப்போ மடியில் உகுலேலே என்ற நாலு தந்திக் குட்டிக் கிடார் ஏறிவிட்டால் பக்கத்து வீட்டு நாய்கூட வந்து படுத்துக்கொள்ளும். அவன் மனைவி மாபுவானா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பாட்டு அவன் இலாகா, சோறு என் இலாகா என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்தவள். உகுலேலேயைத் தூசி தட்டியதுண்டு, தந்தியைத் தொட்டதில்லை.

மே மாதத்தில் ஒரு காலை. மழை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அவனுடைய பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தின்போது அவளுக்காக அவனே கட்டிய பாட்டு. என் வீட்டுக் கூரை ஒழுகும், என் படகும் ஒழுகும், ஆனாலும் வா என்று அவளைக் கூப்பிடுகிற மூன்று சரணங்கள். இரண்டாவது வரியைத் தப்பாகப் பாடிவிட்டாள். மேஜையருகே உட்கார்ந்திருந்தவனுக்கு அது பொறுக்கவில்லை. சட்டென்று அந்த வரியை, முழுசாக, ஒரு வார்த்தை பிசகாமல் பாடிக் காட்டினான்.

அவள் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது.

"இன்னொரு தடவை பாடு."

"வெள்ளிக்கிழமை," என்றான் அவன், கண்ணெல்லாம் ஈரமாக.

பேச்சுப் பயிற்சி தரும் செரில் ஒகாட்டா என்ற சின்னப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "இப்படி நடக்கும் ஆன்ட்டி. பேச்சு மூளையில இடப்பக்கம் இருக்கு. பாட்டு ரெண்டு பக்கமும் பரவிக் கெடக்கு. அங்கிளைத் தினமும் பாட வைங்க. பாட்டு வழியா வார்த்தை ஒண்ணொண்ணா வெளிய வரும். கூட யாராச்சும் வாசிச்சா ரொம்ப நல்லது."

யார் வாசிப்பது? தந்தியை மீட்டுகிற வலது கைதான் செத்துக் கிடக்கிறதே. கூட கிடார் வாசித்த வெர்னன் மெதெய்ரோஸோ மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை.

மாபுவானா மறுநாள் நேராக வெர்னனின் டயர் கடைக்குப் போனாள். அவன் லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிகிறவன்போல இன்னும் குனிந்துகொண்டான்.

"ஒளியாத வெர்னன். உன் தொப்பைக்கு அந்தச் சக்கரம் பத்தாது."

"வரணும்னுதான் நெனச்சேன் மாபு."

"மூணு மாசமாவா நெனச்ச?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அவன் பேசாம உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியாது. முப்பது வருஷமா அவன வாய மூடுடான்னு சொன்னவன் நான். இப்ப நிஜமாவே மூடிட்டானேன்னு..."

திட்டுவதற்காக வந்தவள் திட்டாமல், அடுக்கி வைத்திருந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள். "சரி, வராத. எனக்கு வாசிக்கக் கத்துக் குடு."

"உனக்கா? சோத்துக் கரண்டி பிடிக்கிற கைக்கா?"

"கரண்டி பிடிச்ச கைதான். கொதிக்கிற பாத்திரத்தையே துணியில்லாம எறக்குவேன். உன் தந்தி என்ன பண்ணிடும்?"

அப்படியாக மத்தியான வேளைகளில் டயர் கடையில் பாடம் ஆரம்பமாயிற்று. சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவதுதான் கார்டு என்பது, அதில் சி என்ற கார்டுக்கு ஒரு விரல் போதும், எஃப்புக்கு இரண்டு விரல், ஜியோடு இன்னொரு சுரம் கூடிய ஜி செவனுக்கு மூன்று. முதல் வாரம் இவ்வளவுதான். விரல்கள் வழிதெரியாத கோழிகள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கார்டு மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் பாட்டு நின்று மூச்சு வாங்கியது.

இரண்டாவது வாரம் வெர்னன் சொன்னான்: "பேரை மற. நம்பரைப் பிடி. சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. விரல் விட்டு எண்ணு. ஒண்ணாவது எது?"

"சி."

"நாலாவது?"

எண்ணினாள். "எஃப்."

"அஞ்சாவது ஜி. ஒண்ணுங்கிறது வீடு. நாலுங்கிறது கடக்கரைக்குப் போயிருக்க. அஞ்சுங்கிறது திரும்பி வந்து வாசப்படியில நிக்கிற, கையில சாவி. உள்ள போகாம இருக்க முடியாது. நம்ம பாட்டுல பாதி இவ்வளவுதான்."

ஜி செவனை மீட்டிவிட்டு வேண்டுமென்றே நிறுத்தினான். மாபுவானாவுக்கு நெஞ்சில் ஏதோ அரித்தது. தானே சி கார்டை அழுத்தி மீட்டினாள். அரிப்பு நின்றது.

"பாத்தியா? உனக்கு ஏற்கெனவே தெரியும். பேருதான் தெரியாது," என்றான் வெர்னன். அன்று அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் சுற்றையும் கற்றுக் கொடுத்தான். இரண்டு, ஐந்து, ஒன்று, அதாவது டி செவன், ஜி செவன், சி. ஜி, ஏ செவன் கார்டுகளையும் கூடவே காட்டிவைத்தான். "ஆடுறவங்க மூச்சு வாங்க, பாடுறவன் அடுத்த அடியை ஞாபகப்படுத்திக்க. ரெண்டு சுத்துதான் வழக்கம். அவன் தயாராகலைன்னா இன்னும் சுத்து. யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

வீட்டில் பிலிப்போ எதிரே உட்கார்ந்து அவள் பழகினாள். தப்பு விழும்போதெல்லாம் அவன் முகம் புளியைக் கடித்த மாதிரி ஆகும். ஒரு நாள் அவள் கடற்கரைக்குப் போகவேண்டிய இடத்தில் வாசற்படிக்குப் போய்விட்டாள். பிலிப்போ இடது கையைத் தூக்கினான். கட்டைவிரலை மடக்கி நாலு விரலை நீட்டினான்.

அவள் எஃப் வாசித்தாள். அவன் ஐந்து விரலையும் விரித்தான். ஜி செவன். ஒற்றை விரல். சி.

மாபுவானா உகுலேலேயை மடியில் கவிழ்த்துவிட்டு அழுதாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவன் ஒன்று சொல்லி அது அவளுக்கு அப்படியே புரிந்திருந்தது.

மறுநாள் டயர் கடையில் இதைச் சொன்னாள். வெர்னன் கையைத் துடைத்தான், கடைக் கதவை இழுத்துவிட்டான், கூப்பிடாமலேயே அவள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அவனைப் பார்த்ததும் பிலிப்போ நாற்காலியைப் பிடித்து எழுந்தான். "வெள்ளிக்கிழமை!" என்று கத்தினான்.

"ஆமாண்டா, வரவேண்டியது போன வெள்ளிக்கிழமை. அதுக்கு முன்னாடியும் பதினஞ்சு வெள்ளிக்கிழமை," என்றான் வெர்னன். இருவரும் சிரித்தார்கள். பிலிப்போ நல்ல கையால் அவன் பிடரியைப் பிடித்து நெற்றியோடு நெற்றி சேர்த்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை.

ஆகஸ்டில் மகள் ஹவுனானியின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி இருநூறு பேருக்குச் சாப்பாடு. சேப்பங்கிழங்குக் கூழ் ஒரு பக்கம், மண்குழி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் பன்றி இன்னொரு பக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு வெர்னன் கிடாரோடு பக்கத்தில் உட்கார, மாபுவானா வாசிக்க, பிலிப்போ பாடுவதாக ஏற்பாடு.

ஆனால் ஏற்பாட்டுக்கெல்லாம் பிலிப்போ காத்திருக்கவில்லை. யாரோ குழந்தையைத் தூக்கி வந்து அவன் மடியில் வைத்தார்கள். கழுத்தில் தன்னைவிடக் கனமான மாலையோடு அது தாத்தாவை அண்ணாந்து பார்த்தது. அவன் பாட ஆரம்பித்துவிட்டான்.

பள்ளிக்கூடச் சமையலறைத் தோழிகள், துறைமுகத்து ஆட்கள், எல்லோரும் திரும்பினார்கள். யாரோ உகுலேலேயைக் கொண்டுவந்து மாபுவானா கையில் திணித்தார்கள். அவள் சி கார்டைப் பிடித்து மீட்டினாள். அபஸ்வரம். எஃப். அதுவும் அபஸ்வரம். அவன் வீட்டில் பழகிய சுருதியில் பாடவில்லை. வெகு கீழே, குழந்தைக்குக் கேட்கிற அளவுக்கு, மார்புக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தான்.

வெர்னனைத் தேடினாள். அவன் குழி அடுப்பருகே, இரு கையிலும் சூடான இறைச்சித் தட்டோடு நின்றான்.

"வெர்னன்!"

"என்னைப் பாக்காத! வீடு எங்கன்னு கண்டுபிடி!" என்று அங்கிருந்தே கத்தினான்.

அவள் மீட்டுவதை நிறுத்தினாள். வரி முடிந்து அவன் குரல் எங்கே போய் உட்காருகிறது என்று கேட்டாள். ஒவ்வொரு தந்தியாக மெல்லச் சுண்டினாள். ஒன்று ஒட்டவில்லை. அடுத்தது ஒட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முகத்துக்கு அருகில் இருந்த தந்தி அவன் குரலோடு போய்ப் படிந்தது; சுரம் ஒன்றுதான், ஸ்தாயிதான் வேறு. ஜி. அப்படியானால் ஜிதான் வீடு. தொடையில் விரல் விட்டு எண்ணினாள். ஜி, ஏ, பி, சி. நாலாவது சி! இத்தனை நாள் வீடாக இருந்ததுதான் இப்போது கடற்கரை. ஐந்தாவது டி. டி செவன் சுற்றில் வருமே, தெரியுமே. பிலிப்போ குழந்தையை வலது முழங்கைக்குள் அணைத்தபடி இடது கையைத் தூக்கினான். நாலு விரல்.

சி வாசித்தாள். பொருந்தியது. ஐந்து. பொருந்தியது. ஒன்று. தார்ப்பாய்க்குக் கீழே யாரோ கூவினார்கள். ஹவுனானி செருப்பை உதறிவிட்டு நடுவே வந்து ஆட ஆரம்பித்தாள்.

இரண்டாவது சரணம் முடிந்தது. மாபுவானா சுற்றுக்குப் போனாள்: ஏ செவன், டி செவன், ஜி. ஒரு சுற்று, இரண்டு. பிலிப்போ வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. நெற்றி சுருங்கியது. அவன் பயப்படுவது அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது சுற்று வாசித்தாள். நான்காவது. ஹவுனானி இடுப்பசைவை நிறுத்தாமல் அப்பாவையே பார்த்துச் சிரித்தபடி இடமும் வலமும் சாய்ந்தாள். இருநூறு பேரில் ஒருவரும் வரியை எடுத்துக் கொடுக்கவில்லை. கைதட்டி மட்டும் கூடவே சுற்றினார்கள். ஆறு. ஏழு. இருக்கட்டும், எனக்கு அவசரமில்லை என்று மனதுக்குள் அவனிடம் சொன்னாள். எட்டாவது சுற்றில் மூன்றாம் சரணம் வந்தது. மழை நின்றாலும் போய்விடாதே என்று ஆரம்பிக்கிற சரணம். கடைசி எழுத்துவரை பாடினான்.

கூட்டம் இரைந்த இரைச்சலில் குழந்தை அழுதுவிட்டது.

சாயங்காலம் பந்தல் கலையும்போது வெர்னன் அருகில் வந்து நின்றான். மாபுவானா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்சிடாத," என்றான் அவன். "அன்னிக்கு நீ கடைக்கு வராம இருந்திருந்தா நான் இன்னும் அந்தச் சக்கரத்துக்குப் பின்னாடிதான் இருந்திருப்பேன். நன்றி நான் சொல்லணும்."

"அப்ப சொல்லேன்."

"சொல்றேன். நல்லா இருந்துச்சு, மாபு. நிஜமாவே."

அன்றிரவு படுக்குமுன் அவள் செய்த ஜெபம் நீளமாயிருந்தது. வெர்னன், செரில், எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்த அத்தனை பேர், அவளுடைய காய்த்துப்போன விரல்கள், எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லிக்கொண்டே போனாள்; நடுவிலேயே தூங்கிவிட்டாள்.

இப்போது பிலிப்போவிடம் நாற்பது வார்த்தைக்கு மேல் இருக்கிறது. முதலில் பாடி, பிறகு பேசி, ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. சனிக்கிழமை சாயங்காலங்களில் கார் ஷெட்டில் மறுபடியும் ஆட்கள் கூடுகிறார்கள். மாபுவானாவுக்கு இப்போது ஈ என்ற கார்டோடு சண்டை. உகுலேலேயின் கழுத்தில் ஒரே கட்டத்துக்குள் மூன்று விரலை நெருக்கி வைக்கவேண்டும். அவள் விரல்களுக்கு அங்கே இடம் போதவில்லை. போன சனிக்கிழமை நாலு தடவை முயன்று நாலு தடவையும் தந்தி செத்த சத்தம் போட்டது.

பிலிப்போ நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னான்: "விரல்... குண்டு."

வெர்னன் விழுந்து விழுந்து சிரித்தான். மாபுவானாவும் சிரித்தாள். பிறகு விரல்களை மறுபடி தந்தியில் பொருத்த ஆரம்பித்தாள்.